ஆள் போவார், கணக்கு போகாது: என்.எஃப்.எல். டிரேடு எப்படி வேலை செய்கிறது?

ஒரு அணி வரிசையாக நாலைந்து ஆட்டம் தோற்றுவிட்டால் போதும், அதன் ரசிகர்கள் அத்தனை பேரும் மேனேஜர் ஆகிவிடுவார்கள். "இவரைக் கழற்றி விடு, அவரை டிரேடு பண்ணு, மிச்சமாகும் காசில் நல்ல குவார்ட்டர்பேக் ஒருத்தரைக் கொண்டு வா." (குவார்ட்டர்பேக் என்றால் பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்.) அமெரிக்கக் கால்பந்தின் உச்ச லீகான என்.எஃப்.எல்.-இல் அக்டோபர் வந்தாலே இந்தப் பேச்சுதான். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் பேச்சில் பாதிக்கு மேல் ஒரே தவறான நினைப்பின் மேல் நிற்கிறது: ஒரு வீரரை அனுப்பிவிட்டால் அவருக்கான செலவும் அவரோடு போய்விடும் என்ற நினைப்பு. போகாது. பல சமயம் ஆள் போன பிறகு செலவு கூடவே செய்யும்.

அந்தக் கணக்கு புரிந்துவிட்டால், தோற்கும் அணி ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். உதாரணத்துக்குக் கரோலைனா பாந்தர்ஸ் அணியை எடுத்துக்கொள்கிறேன். 2022 முதல் 2024 வரை அவர்கள் பட்ட பாட்டில் இந்த விஷயத்தின் எல்லா முடிச்சுகளும் இருக்கின்றன.

## பணக்கார முதலாளி இருந்தும் ஏன் பயனில்லை

என்.எஃப்.எல்.-இல் 32 அணிகள். வழக்கமான சீசனில் ஒவ்வோர் அணிக்கும் 17 ஆட்டங்கள். ஆட்டக்காரர் பட்டியலில், அதாவது ராஸ்டரில், 53 பேர். வீரர்களுக்காக ஓர் அணி ஒரு வருடத்தில் கணக்கில் காட்டக்கூடிய மொத்தத் தொகைக்கு லீக் உச்சவரம்பு வைத்திருக்கிறது. இதைத்தான் 'கேப்' என்கிறார்கள். 1994-இல் அது அறிமுகமானபோது அணிக்கு 3.46 கோடி டாலர். 2025-இல் 27.92 கோடி டாலர். லீகின் வருமானம் ஏற ஏற அதுவும் ஏறும். கொரோனாவால் வருமானம் விழுந்தபோது, 2021-இல், இறங்கவும் செய்தது.

ஐரோப்பியக் கால்பந்து பார்த்துப் பழகியவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். அங்கே ஒரு கிளப் கஜானாவைத் திறந்தால் இன்னொரு கிளப்பின் வீரர் வந்துவிடுவார். இங்கே வீரரைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் கிடையாது. ஒரு வீரருக்கு ஈடாக இன்னொரு வீரர், அல்லது டிராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் வருடாந்திரத் தேர்வில், ஆளெடுக்கும் உரிமை, அல்லது இரண்டும் கலந்து. அதுதான் டிரேடு.

பாந்தர்ஸ் உரிமையாளர் டேவிட் டெப்பர் லீகின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். அந்தப் பணத்தால் உச்சவரம்பை ஒரு டாலர்கூட நகர்த்த முடியாது. பயிற்சியாளர் சம்பளம் மட்டும் கேப்பில் சேராது. அதனால்தானோ என்னவோ, 2022 அக்டோபரில் மேட் ரூலையும் 2023 நவம்பரில் ஃபிராங்க் ரைக்கையும் சீசன் நடுவிலேயே வீட்டுக்கு அனுப்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

## கையில் கொடுப்பது ஒன்று, ஏட்டில் எழுதுவது ஒன்று

ஒரு வீட்டில் செலவு நோட்டு இருக்கிறது. வருடத்துக்கு இவ்வளவுக்கு மேல் எழுதக்கூடாது என்று கட்டுப்பாடு. இந்த வருடம் மொத்தக் காசையும் கொடுத்து ஒரு வண்டி வாங்குகிறார்கள். வண்டி ஐந்து வருடம் ஓடும்தானே, விலையை ஐந்தாகப் பிரித்து வருடத்துக்கு ஒரு பங்காக நோட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று முடிவாகிறது. இரண்டு பங்கு எழுதியாயிற்று. மூன்றாம் வருடம் வண்டியை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். எழுதாத மூன்று பங்கு என்ன ஆகும்? காசு என்றைக்கோ போய்விட்டது, வண்டியும் இல்லை. ஆனாலும் நோட்டில் எழுதியே ஆக வேண்டும், மூன்றையும் சேர்த்து இந்த வருடமே.

என்.எஃப்.எல். ஒப்பந்தமும் இப்படித்தான். அதில் முக்கியமாக இரண்டு பகுதிகள். ஒன்று, அடிப்படைச் சம்பளம்: அந்தந்த வருடம் கொடுத்து, அந்தந்த வருடமே கணக்கில் எழுதுவது. இன்னொன்று, கையெழுத்து போனஸ்: ஒப்பந்தம் போட்டதற்காக வீரருக்குக் கிடைக்கும் பெருந்தொகை. கேப் கணக்கில் இதை ஒப்பந்த வருடங்களுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம், அதிகபட்சம் ஐந்து வருடம்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐந்து வருட ஒப்பந்தம், போனஸ் 5 கோடி டாலர். வருடத்துக்கு 1 கோடி போனஸ் பங்கு. மூன்றாம் வருடம் அடிப்படைச் சம்பளம் 1.5 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மூன்றாம் வருடம் அவரை வைத்திருந்தால் கேப்பில் ஏறுவது 2.5 கோடி. ஆள் சரியாக ஆடவில்லை, மூன்றாம் வருடத் தொடக்கத்தில் வெளியே அனுப்புகிறார்கள். 1.5 கோடி சம்பளம் மிச்சம், சரி. ஆனால் மீதியுள்ள மூன்று போனஸ் பங்குகளும் ஒரே வருடத்தில் வந்து விழும்: 3 கோடி. வைத்திருந்தால் 2.5, அனுப்பினால் 3. அவர் ஒரு நிமிடம்கூட ஆடாத சீசனில் அணிக்கு அரைக் கோடி கூடுதல் சுமை.

ஆள் இல்லாமல் கணக்கில் மட்டும் உட்கார்ந்திருக்கும் இந்தத் தொகைக்கு டெட் மணி என்று பெயர்.

இதில் இன்னொரு சிக்கல், உத்தரவாதம். அடிப்படைச் சம்பளம் பொதுவாக, ஆள் அணியில் இருந்தால்தான் கிடைக்கும். ஆனால் பெரிய வீரர்கள் முதல் இரண்டு மூன்று வருடச் சம்பளத்தை உத்தரவாதமாக எழுதி வாங்கிக்கொள்வார்கள். அந்த வருடங்களுக்குள் அனுப்பினால் அந்தச் சம்பளமும் டெட் மணியில் சேர்ந்துவிடும். "பத்து கோடி ஒப்பந்தம்" என்று செய்தியில் வருவதில் உண்மையான எண் எது என்றால், உத்தரவாதத் தொகைதான். மீதியெல்லாம் நடந்தால் பார்க்கலாம் என்ற கதை.

சுருக்கமாக, இதுவரை: போனஸ் காசு முதலிலேயே போய்விடுகிறது, கணக்கு மட்டும் பின்னால் வருகிறது. ஆளை அனுப்பினால் மிச்சமாவது உத்தரவாதம் இல்லாத சம்பளம் மட்டுமே.

## ஜூன் 1, அப்புறம் ஒரு தள்ளிப்போடும் வித்தை

ஜூன் 1-க்குப் பிறகு ஆளை அனுப்பினால் ஒரு சலுகை உண்டு. அந்த வருடப் பங்கு மட்டும் அந்த வருடக் கணக்கில், மீதி எல்லாம் அடுத்த வருடக் கணக்கில். மேலே சொன்ன உதாரணத்தில் 3 கோடி என்பது 1 கோடி, 2 கோடி என்று இரண்டாகும். அதற்கு முன்பே ஆளை விடுவித்தாலும், வருடத்துக்கு இரண்டு பேரை மட்டும் 'ஜூன் 1-க்குப் பிறகு' என்று குறித்துக்கொள்ளலாம். மொத்தத் தொகையில் ஒரு டாலர் குறையாது, வலி இரண்டு வருடத்துக்குப் பரவும், அவ்வளவுதான்.

ரசிகர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது அடுத்த விஷயத்தை. "எங்கள் வீரர் அணிக்காக ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டார், எவ்வளவு பெரிய மனசு!" என்பார்கள். பெரும்பாலும் மனசுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அணி செய்வது இதுதான்: இந்த வருட அடிப்படைச் சம்பளத்தின் பெரும்பகுதியைப் போனஸாக மாற்றி உடனே கையில் கொடுத்துவிடும். வீரருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, பணம் முன்னதாகவே வருகிறது. அணிக்கு அந்தத் தொகையை மீதி வருடங்களுக்குப் பிரித்து எழுத வழி கிடைக்கிறது. நம் உதாரண வீரரின் 1.5 கோடியில் 1.2 கோடியைப் போனஸாக்கினால், மூன்று வருடத்துக்கு 40 லட்சமாகப் பிரியும். இந்த வருடம் 80 லட்சம் இடம் கிடைக்கும், அடுத்த இரண்டு வருடங்களில் 40, 40 ஏறும். அதோடு, அவரை அனுப்புவதற்கான விலையும் ஏறும். இதை மறந்துவிடாதீர்கள், பாந்தர்ஸ் கதையில் இது திரும்ப வரும்.

இந்த வித்தையில் ரொம்பக் காலமாகப் பேர் வாங்கிய அணி நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ். ஆனால் வித்தையையே குறை சொல்ல முடியாது. 2025 பிப்ரவரியில் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்த பிலடெல்ஃபியா ஈகிள்ஸும் கணக்கைப் பின்னால் தள்ளுவதில் கெட்டிக்காரர்கள்தான். கேப் வருடாவருடம் ஏறும்போது நாளைய டாலர் இன்றைய டாலரைவிட லேசானது. நல்ல வீரருக்காகத் தள்ளிப்போட்டால் அது திட்டம். போகப் போகிற வீரருக்காகத் தள்ளிப்போட்டால் வம்பு.

## மெக்காஃப்ரியின் விலை

2022 அக்டோபரில் பாந்தர்ஸ் ஆறு ஆட்டத்தில் ஐந்து தோற்றிருந்தது. பயிற்சியாளர் போய்விட்டார். அணியின் ஒரே நட்சத்திரம் என்று சொல்லத்தக்க ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுபவர்) கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை சான்ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸுக்கு டிரேடு செய்தார்கள். பதிலுக்குக் கிடைத்தவை 2023 டிராஃப்டின் இரண்டாம், மூன்றாம், நான்காம் சுற்றுத் தேர்வுகள், 2024-இன் ஐந்தாம் சுற்றுத் தேர்வு.

இந்த டிரேடின் பணக் கணக்கைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். டிரேடு செய்தால் ஒப்பந்தம் ஆளோடு புது அணிக்குப் போகும், ஆனால் பாதிதான் போகும். இனிமேல் கொடுக்க வேண்டிய அடிப்படைச் சம்பளம் புது அணியின் தலையில். ஏற்கெனவே கொடுத்த போனஸின் எழுதாத பங்குகள் பழைய அணியின் தலையில். 2022 மார்ச்சில் பாந்தர்ஸ் மெக்காஃப்ரியின் சம்பளத்தைப் போனஸாக மாற்றியிருந்தது. அந்த வருடத்துக்கு மிஞ்சிய அடிப்படைச் சம்பளம் 10.35 லட்சம் டாலர். அக்டோபரில் சீசனின் ஒரு பகுதி முடிந்துவிட்டதால், லீகின் தலைசிறந்த ரன்னிங் பேக்குகளில் ஒருவருக்கு அந்த வருடம் ஃபார்ட்டிநைனர்ஸ் கொடுக்க வேண்டியிருந்தது சுமார் 6.9 லட்சம் டாலர்தான். பாந்தர்ஸின் 2023 கணக்கிலோ அவர் பெயரில் சுமார் 1.8 கோடி டாலர் டெட் மணி. அந்த 2023-இல் மெக்காஃப்ரி சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது வாங்கினார், ஃபார்ட்டிநைனர்ஸ் சூப்பர் பவுல் வரை போனது.

"இவ்வளவு பெரிய ஆளுக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வுகூட வாங்கவில்லையா?" என்று ரசிகர்கள் கொதித்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ரன்னிங் பேக்குகள் சீக்கிரம் தேய்ந்துவிடுவார்கள். மெக்காஃப்ரி முந்தைய இரண்டு சீசன்களிலும் காயத்தால் பாதிக்கு மேல் ஆடவில்லை. கையில் ஆறில் ஒரு வெற்றி இருக்கும் அணிக்கு அவர் இன்னும் நாலு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்து என்ன ஆகப் போகிறது? என் கணக்கில் அது மோசமான டிரேடு இல்லை. மோசமானது அதற்குப் பிறகு வந்தது.

## ஒரு தேர்வு எவ்வளவு பெறும்?

டிராஃப்ட் என்பது கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது. ஏழு சுற்று. கடந்த சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு. தோற்ற அணி எழுந்துகொள்ளட்டும் என்பதற்கான ஏற்பாடு.

தேர்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட 1990-களின் தொடக்கத்தில் டாலஸ் கவ்பாய்ஸ் ஒரு மதிப்புப் பட்டியல் தயாரித்தது. அப்போதைய பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெயரால் இன்றும் புழங்குகிறது. முதல் தேர்வு 3000 புள்ளி, ஒன்பதாவது 1350, 32-ஆவது 590, 61-ஆவது 292. சரிவு எவ்வளவு செங்குத்து என்று கவனியுங்கள். "மூன்று நான்காம் சுற்றுத் தேர்வைக் கொடுத்து ஒரு முதல் சுற்றை வாங்கிவிடலாம்" என்று சொல்பவர்கள் இந்தப் பட்டியலை ஒரு தடவை பார்த்தால் போதும். அணிகள் இன்று அவரவர் பட்டியல் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் சாய்மானம் அதேதான். அடுத்த வருடத் தேர்வு என்றால் ஒரு சுற்று தள்ளுபடி செய்து மதிப்பிடுவது வழக்கம்: அடுத்த வருட முதல் சுற்று, இந்த வருட இரண்டாம் சுற்றுக்குச் சமம்.

தேர்வுகள் ஏன் இவ்வளவு அருமையானவை? மலிவு என்பதால். 2011-இல் புது வீரர் சம்பளத்துக்கு வரையறை வந்தது. அதற்கு முந்தைய வருடம் முதல் தேர்வான சாம் பிராட்ஃபர்டுக்கு 5 கோடி டாலர் உத்தரவாதம். வரையறை வந்த வருடம் முதல் தேர்வாகப் பாந்தர்ஸ் எடுத்த கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு மொத்தம் சுமார் 2.2 கோடி. நல்ல குவார்ட்டர்பேக் ஒருவர் புது வீரர் சம்பளத்தில் ஆடும் அந்த நாலு வருடம்தான், கேப்பில் மிச்சமாகும் இடத்தை வைத்து மற்ற 52 பேரையும் நல்லவர்களாகச் சேர்க்கும் காலம்.

2023 மார்ச்சில் பாந்தர்ஸ் இந்த ஆசையில்தான் சிகாகோ பேர்ஸிடமிருந்து முதல் தேர்வை வாங்கியது. கொடுத்தவை: ஒன்பதாவது தேர்வு, 61-ஆவது தேர்வு (மெக்காஃப்ரிக்கு ஈடாக வந்த இரண்டாம் சுற்றுத் தேர்வு இதுதான்), 2024-இன் முதல் சுற்று, 2025-இன் இரண்டாம் சுற்று, கூடவே அணியின் முதன்மை ரிசீவர் டி.ஜே. மூர். அந்தத் தேர்வில் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங் வந்தார். பந்தைப் பிடிக்க ஆள் வேண்டும் என்ற நேரத்தில், பிடிப்பவரைக் கொடுத்து எறிபவரை வாங்கினார்கள்.

முடிவு, 2023-இல் 2 வெற்றி, 15 தோல்வி. லீகிலேயே கடைசி. அப்படியென்றால் 2024-இன் முதல் தேர்வு அவர்களுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அதைத்தான் முன்பே கொடுத்துவிட்டார்களே. இரண்டாம் சுற்று மாதிரி தள்ளுபடி விலையில் போன தேர்வு, பட்டியலின் 3000 புள்ளித் தேர்வாக மாறி சிகாகோ கையில் இருந்தது. அதை வைத்து அவர்கள் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை எடுத்தார்கள்.

எதிர்காலத் தேர்வைக் கொடுக்கும் அணி அதன் மதிப்பைத் தானே தீர்மானிக்கிறது, எத்தனை ஆட்டம் தோற்கிறதோ அத்தனை விலை. நொடித்துக்கொண்டிருக்கும் அணி அதைக் கொடுப்பது இதனால்தான் பேராபத்து.

## தள்ளிப்போடத் தள்ளிப்போடக் குறையும் விலை

பிரையன் பர்ன்ஸ் விவகாரம் வேறு மாதிரி. 2022-இல் அவர் பாந்தர்ஸின் இளம் எட்ஜ் ரஷர், அதாவது ஓரத்திலிருந்து பாய்ந்து எதிரணிக் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துபவர். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அவருக்காக இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள் கொடுக்க முன்வந்ததாகச் செய்திகள் வந்தன. பாந்தர்ஸ் மறுத்தது. அப்போது அவர் புது வீரர் ஒப்பந்தத்தில் மலிவாக இருந்தார், அடுத்த வருடமும் கையில் இருந்தது.

புது ஒப்பந்தம் பேசி முடியவில்லை. 2024 மார்ச்சில் ஃபிராஞ்சைஸ் டேக் போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்த ஒரு வீரரை, அவர் ஆடும் இடத்துக்கான உச்ச விலையில், ஒரே ஒரு வருடத்துக்குப் பிடித்துவைக்கும் ஏற்பாடு அது. வாங்க வருகிற அணி இப்போது டேக் போட்ட வீரரை வாங்குகிறது, உடனே பெரிய ஒப்பந்தமும் தர வேண்டும். அவரை வாங்கிய நியூயார்க் ஜயன்ட்ஸ் கொடுத்ததில் பெரியது ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு. அதே ஆள், ஒன்றரை வருட இடைவெளி. குறைந்துபோனது ஒப்பந்தத்தில் மீதமிருந்த மலிவான காலம்தான்.

வீரரின் திறமையை மட்டும் வைத்து டிரேடு மதிப்பைச் சண்டை போடுபவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சீசன் நடுவிலும் இதே கடிகாரம் ஓடுகிறது. 2024 முதல் ஒன்பதாவது வாரத்துக்கு அடுத்த செவ்வாய்தான் டிரேடுக்குக் கடைசி நாள். அது தாண்டினால் அந்த சீசனுக்கு டிரேடு கதவு அடைத்துவிடும்.

"அப்போ பேசாமல் எல்லாத்தையும் தோற்றுவிட்டு முதல் தேர்வை வாங்கலாமே" என்பதும் அடிக்கடி கேட்கும் யோசனை. என்.எஃப்.எல்.-இல் குலுக்கல் கிடையாது, கடைசி அணிக்கு முதல் தேர்வு நிச்சயம் என்பது உண்மைதான். ஆனால் யார் தோற்பார்கள்? உத்தரவாதம் இல்லாத சம்பளத்தில் ஆடும் வீரருக்கு, சோம்பிய ஆட்டம் பதிவாகிவிட்டால் அடுத்த ஒப்பந்தமே கிடையாது. பயிற்சியாளருக்கு வேலை போகும். அடுத்த வருடம் யாரோ ஒரு புது ஆளைத் தேர்ந்தெடுப்பதற்காக இவர்கள் ஏன் தோற்க வேண்டும்?

## டெட் மணி சுமந்தபடியே எழுந்த அணி

டெட் மணி இருந்தால் அணி முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். டென்வர் பிராங்கோஸ் 2022 மார்ச்சில் குவார்ட்டர்பேக் ரஸல் வில்சனை சியாட்டில் அணியிடமிருந்து வாங்கியது. கொடுத்தது இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று, ஓர் ஐந்தாம் சுற்று, மூன்று வீரர்கள். அவர் டென்வருக்காக ஓர் ஆட்டம் ஆடும் முன்பே, செப்டம்பரில், ஐந்து வருடத்துக்கு 24.5 கோடி டாலர் நீட்டிப்பு வேறு. அந்த சீசனில் டென்வர் 5 வெற்றி, 12 தோல்வி. சியாட்டிலுக்குக் கொடுத்த 2023-இன் முதல் சுற்று ஐந்தாவது தேர்வாக முடிந்தது.

2024 மார்ச்சில், ஜூன் 1 குறியோடு, வில்சனை விடுவித்தார்கள். மொத்த டெட் மணி சுமார் 8.5 கோடி டாலர். அதற்கு முந்தைய உச்சம், அட்லாண்டா 2022-இல் மேட் ரயனை டிரேடு செய்தபோது வந்த 4.05 கோடி. வில்சன் பிட்ஸ்பர்க் போனார், அங்கே அவருக்குக் குறைந்தபட்ச சம்பளமான 12.1 லட்சம் டாலர். உத்தரவாதமான 3.9 கோடியில் மீதியை, அவர் எதிரணியில் ஆடுவதற்கு, டென்வர் கொடுத்தது.

அடுத்த மாதம் டென்வர் பன்னிரண்டாவது தேர்வில் குவார்ட்டர்பேக் போ நிக்ஸை எடுத்தது, அந்த சீசனிலேயே 10 வெற்றி, 7 தோல்வியோடு பிளேஆஃப், அதாவது நாக்அவுட் சுற்றுக்குப் போனது. 2024 கேப்பில், ஊரிலேயே இல்லாத வில்சனுக்கு சுமார் 5.3 கோடி. ஆட்டத்தை ஆடிக் கொடுத்த நிக்ஸின் ஒப்பந்தம் நான்கு வருடத்துக்கும் சேர்த்தே சுமார் 1.86 கோடி.